போகும்போது கேட்கக் கூடாத கேள்வி

கொளஞ்சியப்பனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஜனங்க எங்க போறாங்கன்னு கண்டுபுடிக்கிற வேலை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எங்கள் தெருவிலே நாலு பேர் சம்பளமே வாங்காமல் அந்த வேலையைப் பார்க்கிறார்களே என்பார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் கூடவே சிரிப்பார். ஆனால் ஓர் ஊருக்குப் புது பஸ் விடுவதா, பாலம் கட்டுவதா, ரோட்டை அகலப்படுத்துவதா என்று மேலிடத்தில் யோசனை கிளம்பிவிட்டால், அந்த ஊர் ஜனம் எங்கிருந்து எங்கே போகிறது, எதில் போகிறது, எதற்குப் போகிறது என்று யாராவது கேட்டு எழுதித்தான் ஆக வேண்டும். கடலூர், சிதம்பரம் பக்கத்தில் அதற்கு இன்றைக்கு, இந்த 2012-இல், முதலில் கூப்பிடுகிற ஆள் அவர்தான்.

கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு அவர் போடும் முதல் உத்தரவு விசித்திரமானது. "யாரையும் எங்க போறீங்கன்னு மட்டும் கேட்றாதீங்க." எங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்கிற வேலையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாதாம். சோறு ஆக்கச் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்காதே என்கிற மாதிரி இருக்கிறதா? இந்த உத்தரவு பிறந்தது அவருடைய சொந்தத் தங்கையின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கியபோது. அப்போது அவருக்கு முப்பது வயதுதான், பெரிய மனுசனும் ஆகவில்லை. அதனால் இனிமேல் அவன் என்றே சொல்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிதம்பரத்தில் ஓமக்குளம் பக்கம் வீடு. அப்பா காலமாகிவிட்டார். அம்மா குப்பு, தங்கை வெண்மதி, இவன். தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராக இருந்தான். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் ஓடுகிற பஸ். "முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், செதம்பரம்" என்று அவன் ஒரே மூச்சில் கூவினால் கடலூர் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன் எழுந்து, தனக்குச் சம்பந்தமில்லாத பஸ்ஸில் ஏறிவிடுவான் என்று பேர். அப்படிப்பட்ட குரல். 2008-இல் முதலாளி பஸ்ஸைப் பர்மிட்டோடு விற்றுவிட்டார். வாங்கினவர் சொந்த ஆட்களோடு வந்தார். குரல் இருந்தது, கூவ பஸ் இல்லை.

கொஞ்ச நாள் அங்கே இங்கே அலைந்தான். கதிரவன் என்று ஒரு சிநேகிதன், திருப்பாதிரிப்புலியூர்க்காரன், வந்து சொன்னான். "மச்சான், மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு வந்துருக்கு. கடலூருக்கும் செதம்பரத்துக்கும் போக்குவரத்துத் திட்டம் போடப் போறாங்களாம். பஸ் ஸ்டாண்டுல நின்னு ஜனங்கள கேள்வி கேக்கணும். உன் வாய்க்கு இதவிட நல்ல வேலை கெடைக்காது."

வாய்தான் வேலை என்றால் கொளஞ்சியப்பனுக்கு என்ன குறை? போய்ச் சேர்ந்தான்.

பயிற்சி கொடுக்க வந்த இன்ஜினியர் எழிலரசி, திட்டக்குடிப் பெண். சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினாள். மாவட்டம் முழுவதும் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்குத் துண்டு கோடு இழுத்திருந்தது. சில கோடு நூல் மாதிரி, சில கோடு தேர்வடம் மாதிரி. "இதுக்கு விருப்பக் கோடுன்னு பேரு. ரோடு எங்க இருக்குன்னு இது பாக்காது. மனுசங்க எங்கேருந்து எங்க போவணும்னு நெனைக்கிறாங்களோ அத மட்டும் காட்டும். ஜாஸ்தி பேரு போனா கோடு தடிமனா ஆவும். அந்தத் தடிமனப் பாத்துத்தான் எத்தன பஸ் வேணும், எங்க ரோடு வேணும்னு கணக்குப் போடுவோம்" என்றாள். கொளஞ்சியப்பனுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருசம் அந்தத் தடத்தில் டிக்கெட் கிழித்தோமே, நமக்குக் கீழே இப்படி ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியப்பட்டான். அன்றைக்கே அந்த வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் தலைக்கு ஒரு தொப்பி, கைக்கு ஒரு அட்டை, அட்டையில் படிவம். கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றான். படிவத்தின் முதல் கேள்வி, "தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?" அதை அவன் தன் பாணியில், "எங்க போறீங்க?" என்று ஆக்கிக்கொண்டான்.

இங்கேதான் வந்தது வினை. நம் ஊரில் கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? போகிற காரியம் கெட்டுப்போகும். "போறேன்" என்று சொன்னாலே வாயில் அடிப்பார்கள், "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். தவறிப்போய் யாராவது கேட்டுவிட்டால், கேட்டவனை ஒரு முறை முறைத்து, திரும்ப வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். இது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த சட்டம். கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். ஆனால் கண்டக்டர் வேலையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் இதையே கேட்டு, ஒருவர்கூட முகம் சுளிக்காமல் பதில் சொல்லி, அவனுக்கு அது கேள்வியாகவே தோன்றாமல் போய்விட்டது. மூச்சு விடுகிற மாதிரி கேட்டான். அந்த வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஓசித் தண்ணீருக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கடைக்காரருக்கே ஒன்றும் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு மத்தியானம் வரைக்கும்தான் வேலை. சாயங்காலம் வெண்மதியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை தில்லைநாதன், கடலூரில் மின்சார வாரிய ஆபீசில் கிளார்க். சிதம்பரம் கீழவீதியில் வெண்மதி வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஏதோ பரீட்சைச் சான்றிதழை நகல் எடுக்க வந்தவன், அதற்குப் பிறகு ஒரு மாதம் நகல் எடுத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தைரியம் வந்து தரகரை அனுப்பினான். வெண்மதிக்கும் அவனைப் பிடித்திருந்தது. இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தட்டிப்போய், இனி யாருக்கும் தட்டு ஏந்தி நிற்க மாட்டேன் என்று அழுதவள், தில்லைநாதன் பேரைக் கேட்டதும் பச்சைச் சேலையா நீலச் சேலையா என்று அம்மாவிடம் கேட்டாள். அவ்வளவுதான், வீட்டுக்கு விசயம் புரிந்துவிட்டது. கொளஞ்சியப்பன் மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. தரகர் கொடுத்த போட்டோவில், ஸ்டூடியோக்காரர் புண்ணியத்தில், வெள்ளைக்காரன் மாதிரி ஒரு ஆள் இருந்தான்.

மத்தியானம் வேலையை முடிக்கப் போகிற நேரம். ஒரு கும்பல் வந்தது. பட்டு வேட்டி, பழத்தட்டு, பூக்கூடை. முன்னால் ஒரு கனத்த பெரியவர், நெற்றி நிறையச் சந்தனம், சிதம்பரம் பஸ்ஸின் படியில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். கடைசியாக ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுப் போவோமே என்று கொளஞ்சியப்பனுக்கு ஒரு கடமை உணர்ச்சி.

"ஐயா, வணக்கம். எங்க போறீங்க?"

பெரியவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். "என்னாய்யா கேட்ட?"

"எங்க போறீங்கன்னு கேட்டேங்க. எதுக்குப் போறீங்கன்னும் சேத்துச் சொல்லிட்டீங்கன்னா எழுதிக்குவேன்."

"ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா!" பெரியவர் திரும்பிக் கும்பலைப் பார்த்தார். "எல்லாரும் வூட்டுக்கு நடங்க. போவ வேணாம்."

பின்னால் நின்ற இளைஞன் ஒருவன், மாநிறம், முகமெல்லாம் வேர்வை, "மாமா, பஸ் எடுக்கப் போறான் மாமா" என்றான். ஓர் அம்மாள், "செத்த உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுப் போலாமே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"சாதாரணமா போற வர்றதுக்குத்தான் தண்ணி. இது அப்பிடிப்பட்ட காரியமா? தடங்கல் சொல்லிடிச்சி, நடங்க."

கும்பல் போயிற்று. தட்டிலிருந்து உருண்ட ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி, "ஐயா, பழம்" என்று நீட்டினான் கொளஞ்சியப்பன். பெரியவர் அதை வாங்கவில்லை. இவன் அதை உரித்துத் தின்றுகொண்டே சிதம்பரம் பஸ் ஏறினான். வீட்டில் போய் இந்தக் கதையை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனான்.

வீட்டு வாசலிலேயே அம்மாவின் குரல் கேட்டது. பஜ்ஜி ஆறிக் கிடந்தது. வெண்மதி பச்சைச் சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"வர்லடா! கெளம்பி பஸ் ஏறுற நேரத்துல எவனோ ஒரு கட்டையில போறவன், பேப்பர வச்சிகிட்டு, எங்க போறன்னு வழிமறிச்சிக் கேட்டானாம். மாப்புள்ளயோட தாய்மாமன், பண்ருட்டியில பலாப்பழ மண்டி வச்சிருக்காரே தட்சிணாமூர்த்தி, அவரு பேச்சுதான் அந்த வூட்ல சட்டம். சகுனம் சரியில்லன்னு திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாராம். தரகர் போன் பண்ணாரு. அவன் வெளங்குவானா? நாளைக்கே கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போறேன். அந்தப் பேப்பர்காரன் மேல பிராது கட்டிட்டுத்தான் மறுவேல!"

விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் வழக்குத் தீர்க்கிற சாமி. அநியாயம் செய்தவன் பேரில் பேப்பரில் எழுதி வேலில் கட்டிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைதான் எதிரே சாத்துக்குடி வாசனையோடு நின்றது.  

வெண்மதி சுவரிலிருந்து மெதுவாகத் திரும்பினாள். "அண்ணா. கடலூர் பஸ் ஸ்டாண்டுல பேப்பர் வச்சிகிட்டு நிக்கிற வேல யாரோடது?"

 குப்பு தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, எம் புள்ளமேல எஞ்சாமிகிட்டயே எப்பிடிடா பிராது கட்டுவேன்!" கொளஞ்சியப்பன் தங்கை முன்னால் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெளியாள் செய்திருந்தால் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டால் யாரைத் திட்டுவது? வெண்மதி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் எழிலரசியிடம் போய் அட்டையைக் கொடுத்தான். "மேடம், வேற வேல எது குடுத்தாலும் செய்யிறேன். அந்தக் கேள்விய மட்டும் இனிமே இந்த வாயால கேக்க மாட்டேன்." நடந்ததைச் சொன்னான். எழிலரசிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"திட்டக்குடியில எங்கம்மாவ நான் இந்தக் கேள்வி கேட்டிருந்தா தொடப்பக்கட்டைதாண்ணே கெடைச்சிருக்கும். படிவம் எழுதும்போது எனக்கே அது தோணல பாருங்க" என்றாள். "அதான் பாதிப் பேரு பதில் சொல்லாமத் திரும்பிப் போறாங்களா? சரி, வேற எப்பிடிக் கேக்கலாம்?"

நம் ஜனங்களுக்கு ஒரு மரியாதையான வழி உண்டு. எங்கே என்று கேட்காமல், "தூரமா?" என்று கேட்பார்கள். விருப்பமிருந்தால் போகிறவர் ஊரைச் சொல்வார். கொளஞ்சியப்பன் அதைக் கையில் எடுத்தான். காலையில் நன்றாகத்தான் போயிற்று. பத்து மணிக்கு ஒரு நடுவயது அம்மாளிடம் போய், "என்னம்மா, தூரமா?" என்றான். வீட்டுக்குத் தூரமாகிற விசயத்தை ஊர் பேர் தெரியாத ஓர் ஆம்பிளை நடு பஸ் ஸ்டாண்டில் நின்று விசாரிக்கிறான் என்று நினைத்துவிட்டாள் அந்தப் புண்ணியவதி. குடையை மடக்கி ஒரு போடு போட்டாள். தொப்பி மட்டும் இல்லாவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

மண்டையைத் தடவிக்கொண்டு குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்தவனிடம் ஆலப்பாக்கத்து மீன்காரி ஒருத்தி வந்தாள். பழைய பஸ்ஸில் தினமும் வந்தவள். "என்ன கண்டக்டரே, இங்க குந்திக்கிற? நா ஆலப்பாக்கந்தான்" என்று சொல்லிக் காசை நீட்டினாள். பஸ்ஸே இல்லை. இவன் கேட்கவும் இல்லை. கண்டக்டர் முகத்தைப் பார்த்ததும் ஊர்ப்பேர் தானாக வாயில் வருகிறது!

கொளஞ்சியப்பன் துள்ளி எழுந்தான். வாசலில் நிற்கிறவனைக் கேட்டால் சகுனத்தடை. பஸ் ஏறி உட்கார்ந்துவிட்டவனைக் கேட்டால் டிக்கெட். கிளம்பியாகிவிட்டதே, இனி என்ன கெடும்? ஓடிப்போய் எழிலரசியிடம் சொன்னான். "மேடம், ஸ்டாண்டுல கேக்க வேணாம். பஸ்ஸுக்குள்ள ஏறி, வண்டி நவுந்தப்புறம், கண்டக்டர் பின்னாடியே போயி கேப்போம்." அவளுக்கும் அது சரியாகப் பட்டது. ஓடுகிற வண்டியில் கேட்கிற முறை வேறு ஊர்களில் இருப்பதுதான், இங்கே இது இத்தனை அவசியம் என்றுதான் தெரியாமல் போயிற்று என்றாள். பஸ்காரர்களிடம் பேசி அனுமதி வாங்கினாள். ஜனங்களுக்குக் கூச்சம் போக அவன் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் யாரையும் ஏமாற்றக் கூடாது, கணக்கெடுப்பு அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். ஸ்டாண்டில் நின்று கணக்கெடுக்கிறவர்கள் இனிமேல் "எந்த பஸ்ஸுக்கு நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டால் போதும் என்று மாற்றினாள். படிவங்கள் மளமளவென்று நிரம்பின. மீன் விற்கப் போகிறவள், டியூசனுக்குப் போகிறவள், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறவள், எல்லாரும் கேட்டதற்கு மேலேயே சொன்னார்கள்.

வேலை நேரானது. வீடு நேராகவில்லை. வெண்மதி ஜெராக்ஸ் கடைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. பச்சைச் சேலையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கொளஞ்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பக்கம் தில்லைநாதனும் சும்மா இருக்கவில்லை. இந்தப் பெண் இல்லாவிட்டால் எனக்குப் பெண்ணே பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மாமன் எதிரில் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தான். தட்சிணாமூர்த்தி முரட்டு ஆசாமியே தவிர, அக்கா மகன் பட்டினி கிடப்பதைப் பார்க்கிற மனசு அவருக்கு இல்லை. சரி, இன்னொரு தரம் கிளம்புவோம், ஆனால் வழியில் எவனாவது வாயைத் திறந்தால் இந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது என்று தரகரிடம் சத்தியம் மாதிரி சொல்லி அனுப்பினார்.

"நீ வூட்லயே இரு. வெளிய தலையக் காட்டாத" என்றாள் குப்பு. கொளஞ்சியப்பனால் முடியுமா? அன்றைக்கு ஸ்டாண்டில் கணக்கெடுக்கக் கதிரவன் நிற்கிறான். கதிரவனுக்குக் கேள்வியை மாற்றிக்கொடுத்தாலும் பழக்கதோசம் போகாது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் தங்கை வாழ்க்கை போச்சு. காக்கியை மாட்டிக்கொண்டு கடலூருக்கு ஓடினான். "மச்சான், உனக்குப் புண்ணியமாப் போவும். பட்டு வேட்டியில ஒரு கும்பல் வரும். அவுங்க பக்கமே போவாத" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். "போடா, எனக்குத் தெரியாதா" என்றான் கதிரவன்.

கும்பல் வந்தது. அதே சந்தனம், அதே தட்டு. எல்லாரும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். தட்சிணாமூர்த்தி இடமும் வலமும் பார்த்துக்கொண்டே ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொளஞ்சியப்பன் பின்படியில் நின்றான். பஸ் கிளம்ப வேண்டும், கண்டக்டர் கோவிந்தசாமி கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அப்போது பார்த்து, கதிரவன் பஸ்ஸை நோக்கி வேகமாக வந்தான். முகமெல்லாம் பாசம். சிநேகிதனின் தங்கைக்கு நல்லது நடக்கப் போகிறதே, வாழ்த்திவிட்டு வருவோம் என்று அவனுக்கு ஒரு நல்லெண்ணம். நேராக அந்த ஜன்னலுக்கு வந்து, "ஐயா," என்று வாயைத் திறந்தான்.

கொளஞ்சியப்பன் பையிலிருந்த பழைய விசிலை எடுத்து ஊதினான் பாருங்கள், பஸ் ஸ்டாண்டு அதிர்ந்தது. "போலாம் ரை...ட்!" டிரைவர் பழக்கத்தில் வண்டியை எடுத்துவிட்டார். கதிரவனின் வாழ்த்து விசில் சத்தத்தில் கரைந்தது. கோவிந்தசாமி டீயைக் கொட்டிவிட்டு, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

"விசில் அடிச்ச தம்பி நீதானப்பா?" என்றார் தட்சிணாமூர்த்தி, மகிழ்ச்சியோடு. "நல்ல நேரம் முடியப் போவுதேன்னு தவிச்சிட்டு இருந்தேன். கரெக்டா எடுத்துட்ட."

"எங்கய்யா?" என்று கோவிந்தசாமி கேட்டார், மூச்சு வாங்கிக்கொண்டே. கொளஞ்சியப்பன் விசிலை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான்.

"செதம்பரம் ஏழு. பொண்ணு பாக்கப் போறோம்!" என்றார் தட்சிணாமூர்த்தி, பஸ்ஸுக்கே கேட்கும்படி. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அப்புறம் கொளஞ்சியப்பனைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, போன தடவை ஒரு கிறுக்கன் குறுக்கே வந்து கேட்ட கதையைச் சொன்னார். "அவன என்னா பண்ணலாம், நீயே சொல்லு."

"கேட்ட வாயிலயே போட்டுருக்கணுங்க" என்றான் கொளஞ்சியப்பன் மனப்பூர்வமாக. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியதும் அட்டையில் படிவத்தை எழுதினான். எதற்காகப் போகிறார் என்ற இடத்தில் வேலை, படிப்பு, கடை, வைத்தியம், கோயில், இதர என்று கட்டங்கள் இருந்தன. இதரவில் ஒரு டிக் போட்டான். தன் தங்கை வாழ்க்கை சர்க்கார் கணக்கில் இதரவாகப் போனதில் அவனுக்கு வருத்தம்தான்.

சிதம்பரத்தில் இறங்கியதும் அவர்கள் ஆட்டோ பேசுவதற்குள் குறுக்குச்சந்தில் ஓடி வீட்டுக்குப் பின்பக்கமாக நுழைந்தான். சட்டையை மாற்ற நேரமில்லை. எல்லாரும் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வெயிலைப் பற்றிப் பேசியாயிற்று. "பொண்ணுக்கு அண்ணன் இருக்காருன்னாங்களே?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டார். குப்பு மகனை அடுக்களையிலிருந்து தள்ளிவிட்டாள்.

"அடடே, விசில் தம்பி!" தட்சிணாமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. "நம்ம வூட்டுப் புள்ளதானா? பஸ்ல சொல்லவே இல்லியே!"

மகனைப் புகழ்ந்ததும் குப்புவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே சொன்னாள். "கண்டக்டர்லாம் இல்லீங்க. கவர்மெண்ட்டு கணக்கெடுக்கிறான். கடலூர் பஸ் ஸ்டாண்டுல, பேப்பர் வச்சிகிட்டு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

தட்சிணாமூர்த்தி கொளஞ்சியப்பனின் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் படித்தார். முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தின் மேல் மனசுக்குள் ஒரு தொப்பியை வைத்துப் பார்த்தார் போலும்.

"நீயாடா அது?"

பொய் சொல்லியிருக்கலாம். தொப்பி போட்டவன் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் தங்கை வாழப்போகிற வீட்டில் முதல் வார்த்தையே பொய்யாக இருக்க அவனுக்கு மனசு வரவில்லை. "நான்தாங்கய்யா. தெரியாமக் கேட்டுட்டேன். எந்தங்கச்சியப் பாக்க வர்றீங்கன்னு சத்தியமா தெரியாதுங்க. தெரியாதவங்களையும் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான்."

தட்சிணாமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். தில்லைநாதன் எழவில்லை. தரகர் இருந்த இடத்தில் சுவரோடு சுவராகிவிட்டார். குப்பு வாயைப் பொத்திக்கொண்டாள். அவரை நிறுத்த வேண்டும், ஆனால் எப்படி? ஒருத்தர்கூட வாயைத் திறக்கத் துணியவில்லை. அவர் வாசல் பக்கம் ஓர் அடி வைத்தார்.

அடுக்களையிலிருந்து வெண்மதி காபித் தட்டோடு வந்தாள். பச்சைச் சேலை. தட்டில் டம்ளர்கள் சத்தம் போட்டன. குரல் தெளிவாகவே வந்தது.

"எங்க போறீங்க பெரியப்பா?"

 கொளஞ்சியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணுக்குப் பெரியப்பா முறைதான். ஆனால் தாலி கட்டின பிறகு கூப்பிட வேண்டிய முறை. தட்சிணாமூர்த்தி தூக்கிய காலோடு நின்றார். திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். தில்லைநாதன்தான் முதலில் பேசினான். சிரிப்பை அடக்கமுடியாமல் அவன் குரல் உடைந்தது.

"மாமா, போவும்போது கேட்டுட்டாங்க. சும்மா வூட்டுக்குப் போறதுதான, பெரிய காரியம் ஒண்ணும் இல்லியே? உக்காந்து ஒரு வா குடிச்சிட்டுத்தான் கெளம்பணும்."

சட்டம் அவருடையது. மீற முடியுமா? தட்சிணாமூர்த்தி வந்து உட்கார்ந்தார். டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரைக் காலி செய்தார்.

"யாரும்மா என்ன பெரியப்பான்னு கூப்புடச் சொன்னது?"

"முறை அதான பெரியப்பா."

"இப்ப நான் எந்திரிச்சா திரும்பக் கேப்பியா?"

"கேப்பேன்."

"அப்ப நான் எப்பத்தான் பண்ருட்டி போய்ச் சேர்றது?"

"நாள் குறிச்சிட்டுப் போங்க" என்றாள் வெண்மதி.

தட்சிணாமூர்த்திக்கு முதலில் தொந்திதான் குலுங்கியது. அப்புறம் தோள், அப்புறம் தொண்டை. வீடே சேர்ந்து சிரித்தபோது கொளஞ்சியப்பன் காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். அவள் வேறு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி காலி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, தரகரிடம் பஞ்சாங்கம் கொண்டுவந்திருக்கிறாரா என்று கேட்டார்.